தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் மூத்த சகோதரி

மாலை மணி அடித்ததும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நாம் ஓடும் வழியில், கன்னியர் மடத்துத் தாழ்வாரத்தில் வயதான சகோதரி ஒருவர் நாற்காலியில் அமர்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார். "தோத்திரம், சிஸ்டர்" என்போம். அவரும் கையை உயர்த்தி ஆசீர்வதிப்பார். அவ்வளவுதான். அவர் எந்த ஊரார், எத்தனை ஆண்டுகள் எங்கெங்கே கற்பித்தார், எத்தனை நோயாளிகளின் புண்ணைக் கழுவினார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதுமில்லை. ஓய்வு பெற்றவர் என்றால் வேலை முடிந்தவர் என்று நாமே தீர்ப்பெழுதிவிட்டோம்.

இத்தீர்ப்பை மாற்றி எழுத வேண்டும் என்பது எமது கருத்து. அதற்குச் சாட்சியாக நாம் அழைப்பது ஒரு பிரெஞ்சு மூதாட்டியை. 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபையை நிறுவிய புனித ஜேன் ஜுகான் அவர்களே அவர்.

பிரான்சின் வடமேற்கில், பிரித்தானிக் கடற்கரையிலுள்ள கான்கால் என்னும் மீனவர் ஊரில் 1792 அக்டோபர் 25ஆம் நாள் அவர் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பான காலம் அது. குருக்கள் ஒளிந்து வாழ்ந்தனர்; ஞானோபதேசமும் மறைவில்தான். ஜேனுக்கு நான்கு வயது நிறையுமுன்பே, கடலுக்குப் போன தந்தை திரும்பவில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பள்ளிக்குப் போகும் பாக்கியம் நமக்குக் கிடைத்ததுபோல் அவருக்குக் கிடைக்கவில்லை. 15, 16 வயதிலேயே ஒரு பிரபுவின் மாளிகைச் சமையலறையில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். பெண் கேட்டு வந்த மாலுமிக்கு மறுப்புச் சொன்னார். 1817இல் சேன் செர்வான் நகருக்குச் சென்று மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிபுரிந்தார். பின்னர் தம்மிலும் மூத்த ஒரு சீமாட்டிக்குத் துணையாக 12 ஆண்டுகள் இருந்தார். இதுவரை அவர் வாழ்வில் ஏட்டில் எழுதத் தக்கது ஒன்றுமில்லை என்றுதான் உலகம் சொல்லும். வயதோ 47 ஆகிவிட்டது.

1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கண் பார்வை இழந்து, உடலின் ஒரு பாகமும் செயலற்றுப்போய், பார்ப்பாரின்றிக் கிடந்த ஆன் ஷோவேன் என்ற கிழவியை ஜேன் தம் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குறுகலான மாடிப்படியில் அவரைத் தோளில் தூக்கிச் சுமந்தார் என்பர். தமது கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தக் கட்டில்தான் சபையின் அஸ்திவாரக் கல். 1841இல் பழைய மதுக்கடை ஒன்றின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தபோது, முதியோர் 12 பேர் ஆயினர். அவர்களில் பலர் அதுவரை தெருவில் பிச்சையெடுத்து உண்டவர்கள். "இனி நீங்கள் போகவேண்டாம், உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன்" என்ற முறையில், ஜேன் கூடையை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். ஒருவர் கோபத்தில் அவரைக் கன்னத்தில் அறைந்தாராம். "இது எனக்கு, இனி என் ஏழைகளுக்கு ஏதேனும் கொடுங்கள்" என்ற பொருளில் அமைதியாகப் பதில் சொன்னாராம்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. அங்கே முதியோர் வெறுமனே உட்கார்ந்து உண்பவர்களாக வைக்கப்படவில்லை. முடிந்தவர்கள் கம்பளி நூல் நூற்றார்கள். முடிந்த வேலையை முடிந்த அளவு செய்தார்கள். அந்த வருவாயும் வீட்டுச் செலவுக்கு உதவிற்று. வேலை வாங்குவதற்காக அன்று. 'நீ இன்னும் வேண்டியவள்' என்று ஒரு கிழவிக்கு உணர்த்துவதற்காக. நம் வீட்டில் பாட்டி கீரை ஆயக் கை நீட்டினால், "உனக்கெதற்குப் பாட்டி, சும்மா இரு" என்று முறத்தைப் பறித்துக்கொள்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தக் கை எவ்வளவு வெறுமையாகிவிடுகிறது என்று நினைத்துப் பார்த்ததுண்டா?

இனி வருவது கசப்பான பகுதி. தோழியர் ஜேனைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தனர். 1843 டிசம்பரில் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஆனால் அவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாயிருந்த லெ பையர் என்னும் குருவானவர், அத்தேர்தலைச் செல்லாததாக்கி, 20 வயதைக் கடந்து சில காலமே ஆகியிருந்த மரி ஜாமே என்பவரைத் தலைவியாக்கினார். ஜேன் மீண்டும் கூடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் பிச்சையெடுத்த பணத்தில் வீடுகள் பெருகின. 1845இல் பிரெஞ்சு அக்காதெமி அவருடைய தொண்டைப் பாராட்டி 3,000 பிராங்கு பரிசளித்தது. ஊரெல்லாம் அவர் பெயர் தெரிந்திருந்தது. அதுவே அவருக்கு வினையாயிற்றோ என்னவோ, 1852இல் அவர் ரென் நகரிலிருந்த தாய் இல்லத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். கொடையாளர் எவருடனும் தொடர்பு வைக்கலாகாது. ஒதுங்கி இருக்க வேண்டும் என்பது ஆணை. அப்போது அவருக்கு வயது 60 நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ஒதுங்கியவர், சாகும்வரை 27 ஆண்டுகள் ஒதுங்கியே இருந்தார்.

1856இல் சேன் பேர்ன் என்ற ஊரில் சபை பெரிய நிலம் வாங்கி, அர்ச். சூசையப்பர் பெயரால் தாய் இல்லமும் நவகன்னியர் இல்லமும் அமைத்தது. அங்கே கோலூன்றி நடந்துகொண்டு, இளம் பெண்களோடு பெண்ணாக அவர் வாழ்ந்தார். சிலுவையின் மரியம்மாள் என்ற துறவறப் பெயரால்தான் அவரை அழைத்தனர். தங்களோடு தோட்டத்தில் நடக்கும் இந்தக் கிழவிதான் சபையைத் தொடங்கியவர் என்பது அப்பெண்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. லெ பையர் தம்மையே நிறுவனராகவும், ஜேனைப் பின்னால் வந்து சேர்ந்தவராகவும் வரலாற்றை மாற்றி எழுதச் செய்திருந்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். இத்தகைய வரலாறுகளைச் சொல்லும்போது, "பார்த்தாயா, அவர் வாய் திறக்கவில்லை, பெண்பிள்ளை என்றால் இப்படித்தான் பொறுத்துப் போகவேண்டும்" என்று போதிப்பது நம்மிடையே வழக்கம். கோவிலிலும் கேட்டிருக்கிறோம், வீட்டிலும் கேட்டிருக்கிறோம். இப்போதனையை நாம் ஏற்பதற்கில்லை. நடந்தது அநீதி. எழுதப்பட்டது பொய். ஒரு புனிதை அதைப் பொறுத்தார் என்பதனால் அநீதி நீதியாகிவிடாது. திருச்சபையும் அப்படிக் கருதவில்லை. உரோமையிலிருந்து விசாரணை நடந்து, 1890இல் லெ பையர் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். தாம் முதல்வரும் அல்ல, நிறுவினவரும் அல்ல என்று மரி ஜாமேயும் பின்னாளில் ஒப்புக்கொண்டார் என்பர்.

அதுமட்டுமன்று. ஜேன் ஒன்றும் அறியாத ஊமையாய் இருந்ததாக எண்ணுவதும் தவறு. தமது வேலையைப் பறித்துக்கொண்டீர்கள் என்றும், ஆயினும் மனமுவந்து அதை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் அக்குருவானவரிடமே அவர் நேரில் சொன்னதாகச் சபையின் வரலாறு கூறுகிறது. பறித்தலைப் பறித்தல் என்றே பெயரிட்டுச் சொன்னார், பிறகுதான் கொடுத்தார். வழக்காடியிருந்தால் இளஞ்சபை இரண்டாகப் பிளந்திருக்கும், இடையில் பட்டினி கிடப்பவர்கள் முதியோர்களே என்று அவர் எண்ணியிருக்கக்கூடும் என நமக்குத் தோன்றுகிறது. தமக்குரிய பெயரை விட்டார், ஏழைகளுக்குரியதை விடவில்லை.

இதற்குச் சான்று 1865ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி. நிரந்தர வருமானம் தரும் சொத்துக்களைச் சபை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஏற்றால் கவலையின்றி வாழலாம். ஆனால் அன்றன்று இறைவன் தரும் கொடையை நம்பும் வாழ்வு போய்விடும். ஆலோசனைச் சபையில் உறுப்பினரே அல்லாத அந்தக் கிழவியைக் கருத்துக் கேட்க அழைத்தார்கள்! மூலையில் உட்கார வைத்தவர்களுக்கும் அவர் இல்லாமல் முடியவில்லை. நிலையான வருமானம் வேண்டாம், இறைவனின் பராமரிப்பே போதும் என்றார். அப்படியே முடிவாயிற்று, அத்தீர்மானத்தில் அவர் கையொப்பமும் உண்டு. தமக்காக ஒரு வார்த்தை பேசாதவர், சபையின் ஆன்மா ஊசலாடியபோது தயங்காமல் பேசினார்.

மற்ற நாட்களில் என்ன செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. நவகன்னியருக்குச் சிறுசிறு புத்திமதிகள் சொன்னார், சிறியவராயிருங்கள் என்பார், முதியோரை அன்பாய் நடத்துங்கள் என்பார். கண் பார்வை மங்கியபின் செபித்தார். 1879 மார்ச்சில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், 86ஆம் வயதில் ஜேன் கண்மூடினார். அப்போது சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தனர். அவர்களில் எத்தனையோ பேர் நவகன்னியராயிருந்தபோது, அந்தக் கிழவியின் கோல் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்! 27 ஆண்டுகள் வீணாய்ப் போயின என்று எந்த வாயால் சொல்வது? 1982 அக்டோபர் 3ஆம் நாள் 2ஆம் அருள் சின்னப்பர் அவருக்கு அருளாளர் பட்டமும், 2009 அக்டோபர் 11ஆம் நாள் 16ஆம் ஆசீர்வாதப்பர் புனிதர் பட்டமும் அளித்தனர்.

அவருடைய சகோதரிகள் 1882இல் கல்கத்தாவுக்கும் வந்தனர். 1948இல் அன்னை தெரசா தம் பழைய மடத்தை விட்டுச் சேரிக்குள் காலெடுத்து வைத்தபோது, தங்க இடம் கொடுத்தது அவர்களுடைய முதியோர் இல்லமே. சென்னையிலும் அச்சபையின் இல்லம் இருக்கிறது. பெற்றோர் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டலாம்.

ஜேனின் உண்மை வரலாறு எப்படி மீண்டது? பழைய ஏடுகளையும், அவரை நேரில் அறிந்தவர்களின் நினைவையும் தேடிப் பிடித்துச் சேர்த்ததால் மீண்டது. கேட்கவேண்டிய காலத்தில் எவரும் கேட்காததால் அவ்வளவு பாடு. நம் மடங்களில் இன்று மூத்த சகோதரிகள் அதிகம். புதிதாகச் சேர்பவர்கள் குறைவு. அவர்களோடு எத்தனை பள்ளிகளின் கதை, எத்தனை கிராமங்களின் கதை போய்விடும்! ஆகையால் அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்களை இதற்கென ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவை வேண்டுகிறோம். வகுப்புக்கு இருவர் போதும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில்; சத்தமாகப் பேசவேண்டும், சிலருக்குக் காது மந்தம். மாலை 4 மணிக்கு மேல் அவர்கள் தாழ்வாரத்தில்தான் இருப்பார்கள்.