அல் கூஸ்: பேச்சிலருக்கு வரைபடத்தில் என்ன நிறம்?



போன மாசம் முதுகலை வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தாங்க. ஒரு கற்பனை நகரத்தின் வெற்று வரைபடம், கூடவே கலர் பென்சில்கள். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்குச் சிவப்பு, தொழிற்சாலைக்கு ஊதா. விதிகள் எளிமையானவை. முதலில் எந்த மண்டலத்தில் எது செய்யலாம் என்று பட்டியல் போடு. பிறகு எல்லையை வரை. கோடு சாலையின் நடுவிலோ மனையின் ஓரத்திலோ போகட்டும், ஒரே மனையை இரண்டாக வெட்டாதே. கடைசியில் அறிவிப்பு போட்டு மக்களிடம் ஆட்சேபணை கேள். அரை மணி நேரத்தில் முடிச்சிட்டோம். "ஸோனிங் நிலத்தின் பயன்பாட்டைத்தான் பிரிக்குது, ஆளை இல்லை" என்று வகுப்பு முடிந்தது.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நான் துபாய் கராமாவில் பிறந்து வளர்ந்தவள். என் சித்தப்பா பதினோரு வருஷம் அல் கூஸில் இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்க ஊர். ஏசி டக்ட் செய்யும் பட்டறையில் வேலை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நகரத்தில் வேலை. ஆனால் வரைபடத்தில் இரண்டு பேரும் வேறு வேறு நிறம். அது எப்படி?

அல் கூஸ் ஷேக் ஸாயித் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் நடுவில் இருக்கு. அந்தப் பெயரில் குடியிருப்புப் பகுதிகளும் உண்டு, தொழிற்பேட்டைகளும் உண்டு. தொழிற்பேட்டையில் கிடங்கு, கராஜ், சிமெண்ட், மார்பிள், அவற்றுக்கு நடுவிலேயே தொழிலாளர் கேம்ப். இங்கேதான் பாடப்புத்தகம் இடறுது. தொழிற்சாலையை வீட்டிலிருந்து தள்ளி வைக்க ஸோனிங் சொல்லும் காரணம் என்ன? புகை, சத்தம், தீ. அதிலிருந்து மனுஷனைக் காப்பாத்தணும். 2008 மார்ச்சில் அல் கூஸ் கிடங்குப் பகுதியில் நடந்த வெடிவிபத்து அந்தக் காரணம் எவ்வளவு நியாயமானது என்று காட்டியது. அப்படியானால் ஆயிரக்கணக்கான மனுஷங்க அங்கே எப்படித் தூங்குறாங்க? பதில் ஒரு சொல்லில் இருக்கு. குடும்பம் இருக்கிற இடத்துக்குப் பெயர் 'குடியிருப்பு'. சித்தப்பா இருந்த இடத்துக்குப் பெயர் 'தொழிலாளர் தங்குமிடம்'. கிடங்கு, கராஜ் மாதிரி அதுவும் ஒரு பயன்பாடு. இரும்புக் குழாயை அடுக்கி வைக்கிற மாதிரி ஆளையும் அடுக்கி வைக்கலாம். ஆளுக்குக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் என்று அமீரக விதி சொல்லுது. எங்க கராமா வீட்டின் பால்கனி அதைவிடப் பெரிசு.

இன்னொரு சொல், 'பேச்சிலர்'. சித்தப்பாவுக்கு ஊரில் சித்தி இருந்தாங்க, இரண்டு பிள்ளைகள் இருந்தாங்க. ஆனால் துபாயில் அவர் பேச்சிலர். குடும்பத்தை அழைச்சிட்டு வர மாசம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேணும், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். டக்ட் வேலைக்கு அதில் பாதிகூட வரலை. ஆக, சம்பளம் உன்னைப் பேச்சிலர் ஆக்குது, பேச்சிலர் என்பது உன்னைக் கேம்பில் போடுது, கேம்ப் எங்கே இருக்கணும் என்பதை வரைபடம் சொல்லுது. மூன்று வேறு அலுவலகங்கள், மூன்று வேறு காகிதங்கள். எதிலும் 'இந்த ஆளைத் தள்ளி வை' என்று எழுதலை. எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கத்தார் இதை மறைக்கவும் இல்லை. 2010ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டம், குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்பையே தடை செய்தது. ஷார்ஜாவில் 2020இல் குடும்பப் பகுதிகளிலிருந்து பேச்சிலர்களை வெளியேற்றினார்கள். துபாயில் 'ஒரு வில்லா, ஒரு குடும்பம்' என்று இயக்கமே நடந்தது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்க கட்டிடத்தில் மூன்றாம் மாடி ஃப்ளாட்டை எட்டு மலையாளி, தமிழ்ப் பையன்கள் சேர்ந்து எடுத்திருந்தாங்க. குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஓனருக்கு ஒரு கடிதம் எழுதினாங்க: 'பெண் பிள்ளைகள் இருக்கும் கட்டிடம், பேச்சிலர்களைக் காலி செய்யவும்.' அப்பாவும் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் பிள்ளை நான்தான். என்னை யாரும் கேட்கலை. அந்தப் பையன்கள் எனக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. லிஃப்டில் பார்த்தால் சுவரைப் பார்த்து நிப்பாங்க, அவ்வளவுதான். ஒரு மாசத்தில் போயிட்டாங்க.

அந்த வெள்ளிக்கிழமையும் சித்தப்பா வழக்கம்போல பஸ் பிடிச்சு ஒரு கிலோ ஆப்பிளோட வந்தார். அம்மா மீன் குழம்பு வச்சாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு, "நேரமாச்சு, கேம்புக்குப் போகணும்"னு கிளம்பினார். தங்கிட்டுப் போன்னு அப்பா சொல்லலை. சொல்ல முடியாது, அவர்தானே கையெழுத்துப் போட்டவர்.

இதை அப்பா மேல பழி போட எழுதலை. வளைகுடாவில் எல்லைக் கோட்டை நகராட்சி மட்டும் காவல் காக்கலை, நம்ம நடுத்தர வர்க்கத் தமிழ்க் குடும்பங்களும் காத்துச்சு. நமக்கும் அங்கே குடியுரிமை கிடையாது, நிரந்தர இடம் கிடையாது. ஆனாலும் நமக்குக் கீழே ஒரு நிறம் இருந்தது. அந்த வித்தியாசத்தைக் காப்பாத்துறதுதான் நம்ம மரியாதையாக இருந்தது.

இது வளைகுடாவின் கண்டுபிடிப்பும் இல்லை. மெட்ராஸைப் பாருங்க. 1758–59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தைக் கம்பெனி இடித்துத் தள்ளியது. பீரங்கிக்குக் குறி மறையக் கூடாது என்பது காரணம். அந்தத் திடலுக்கு எல்லை காட்ட 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னமும் பாரிமுனையில் நிக்குது, தாண்டித்தான் போறோம் வர்றோம். அமெரிக்காவில் 1917இல் உச்ச நீதிமன்றம் இனத்தின் பெயரால் ஸோனிங் போடக் கூடாது என்றது. 1926இல் அதே நீதிமன்றம், தனி வீடுகள் உள்ள பகுதியில் அடுக்குமாடி ஒரு ஒட்டுண்ணி என்று சொல்லி ஸோனிங்கை ஏற்றுக்கொண்டது. ஆளின் பெயரை எழுத முடியாதபோது வீட்டின் வகையை எழுதினார்கள், வேலை நடந்தது.

இன்று அல் கூஸுக்கு வேறு நிறம் வருது. பழைய மார்பிள் ஆலை இருந்த இடத்தில் அல்சர்கால் அவென்யூ எழுந்தது. காலரிகள் வந்தன. 2021 ஏப்ரலில் 'அல் கூஸ் படைப்பாளர் மண்டலம்' அறிவிக்கப்பட்டது. சைக்கிள் பாதை, நடைபாதை, கலைஞர்கள் அங்கேயே வேலை செய்து அங்கேயே வாழும் வீடுகள். கவனியுங்க. தொழிற்பேட்டையில் ஒரு ஓவியர் தூங்கினால் அது படைப்பாளர் வாழ்க்கை. டக்ட் செய்பவர் தூங்கினால் அது கேம்ப். நம்ம தோழர்கள் சிலரே அங்கே போய்ப் படம் எடுத்து, "எவ்வளவு உண்மையான இடம்"னு பதிவு போடுறாங்க. கலை மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நிறத்தை மாற்ற முடியும் என்பது இப்போ நிரூபணம் ஆயிடுச்சு. யாருக்காக மாத்துறாங்க என்பதுதான் கேள்வி.

"கூட்டமா இருந்தா தீப்பிடிக்கும், ஆபத்து" என்று ஒரு வாதம் வரும். ஆபத்து உண்மைதான். ஆனால் எட்டுப் பேர் ஒரு ஃப்ளாட்டில் படுப்பது ஆசைக்கு இல்லை, வாடகைக்கு. சம்பளத்தைத் தொடாமல் ஆளை மட்டும் நகர்த்தினால் நெரிசலும் கூடவே நகரும், கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். "கேம்ப் வேலைக்குப் பக்கத்தில் இருக்கு, வசதிதானே" என்பார்கள். பக்கத்தில் இருப்பது முதலாளிக்கு வசதி. மனைவி, பிள்ளை, ஆஸ்பத்திரி, மெட்ரோ, இவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று யார் அளந்தது?

2021 மார்ச்சில் வந்த துபாய் 2040 திட்டம், 33 லட்சம் மக்கள் 58 லட்சம் ஆவார்கள் என்கிறது. அந்தக் கூடுதல் 25 லட்சத்தில் எத்தனை பேருக்கு வீடு, எத்தனை பேருக்குக் கட்டில் மட்டும்? துபாயில் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அவர்களுக்கு வாக்கு இல்லை, சங்கம் வைக்கவும் முடியாது. என் வகுப்பில் சொன்ன 'மக்களிடம் ஆட்சேபணை கேள்' என்ற வரிக்கு அங்கே அர்த்தம் இல்லை. ஆட்சேபணை சொல்ல வேண்டியது வெளியே இருக்கும் நாமதான்.

நம்ம கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு கூடாது. தொழிலாளர் வீடு குடியிருப்பு மண்டலத்துக்குள், மெட்ரோவுக்குப் பக்கத்தில் வரணும். கேம்பைக் காலி செய்தால் எங்கே போவார்கள் என்பதை முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லணும். கூடவே, நம்ம எழுத்திலிருந்து 'பேச்சிலர்' என்ற சொல்லை எடுத்துடுவோம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணும்போது, வளைகுடாவில் இருந்தவங்க யாராவது இருந்தால் கேளுங்க: அந்த மாதிரிக் கடிதத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா? நான் அப்பாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "உன் சித்தப்பாவுக்குத் தெரியும், நான்தான் சொன்னேன்"னார். சித்தப்பா என்ன சொன்னார்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான்."

உங்க வீட்டில் என்ன பதில் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. பெயர் வேண்டாம். அடுத்த மடலில் சேர்த்துப் போடுவோம்.