சுவரில் இடம் கொடுத்தால் போதுமா?



2020-ல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் பிரம்மாண்டமான வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டன. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகள் வாழும் பகுதி அது. அவ்வூர்ப் பெயர் மீது படிந்த பழியை அந்த வண்ணம் சிறிதேனும் துடைத்திருந்தால் மகிழ்ச்சியே.

நாளை நம் ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் சுவர்களில் ஊர் வரலாறு வரையப்படலாம். அப்போது யாருடைய வரலாறு சுவரேறும்? யாருடையது விடுபடும்?

பூந்தமல்லியில் கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குதுப்ஷா காலத்தில், 1653-ல் கட்டப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. நம்மை வந்தேறிகள் என்று தூற்றுவோருக்கு அதன் கல்வெட்டே பதில் சொல்லும். ஊர் வரலாற்றில் அது இடம்பெற வேண்டும் என்று கேட்பது சலுகையல்ல, உரிமை!

ஆனால் நம் உரிமையை மட்டும் கேட்டுவிட்டு ஓய்ந்துவிடலாமா?

இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டியது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்தில் கிடைத்த கருவிகளில் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இந்தக் கணக்கின் முன்னால் 'நான் முந்தி, நீ பிந்தி' என்ற சண்டை எவ்வளவு அற்பமானது! குலங்களும் கோத்திரங்களும் பெருமையடிக்க அல்ல, ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பது அல்குர்ஆன் 49:13 தரும் பாடம்.

நாம் அறிந்துகொள்ளாத பக்கத்து வீட்டார் இருளர் மக்கள். இம்மண்ணின் பழங்குடிகள். பாம்பு பிடிக்கும் அவர்களது அறிவு, 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக விஷமுறிவு மருந்து தயாரிக்க நஞ்சு தந்து, எத்தனையோ உயிர்களைக் காத்து வருகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அதே இன மக்கள்தாம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்த பிறகும் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டார்கள். சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் அலைவதும் அவர்களே. சுவரில் இருளரின் முகத்தை வரைந்துவிட்டு, அலுவலக வாசலில் அவரை விரட்டினால் அது கௌரவமா, கேலியா?

'உருவப்படம் மார்க்கத்தில் கூடாதே, நமக்கேன் இந்த வேலை?' என்று சிலர் ஒதுங்கக்கூடும். உயிருள்ளவற்றின் உருவத்தை நாம் வரைய வேண்டாம். கல்வெட்டின் எழுத்து, ஆறு, ஏரி, மரம், கற்கோடரி, ஊரின் வரைபடம்... வரைய எவ்வளவோ இருக்கிறதே! வண்ணமே பூசாமல் வரலாற்றைச் சொல்லவும் வழியுண்டு. ஒதுங்கி நின்றால் நம் வரலாற்றைப் பிறர் எழுதுவார்கள், அல்லது அழிப்பார்கள்.

எனவே ஜமாஅத் பொறுப்பாளர்களே! உங்கள் பள்ளிவாசலின் பழைய ஆவணங்களையும் கல்வெட்டுச் செய்திகளையும் திரட்டி உள்ளாட்சி நிர்வாகத்திடம் கொடுங்கள். அதே மனுவில் இருளர் குடியிருப்புகளுக்கான பட்டாவையும் சான்றிதழையும் கேளுங்கள். மனு எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள் அவர்களுடன் வட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்கட்டும்.

சுவர் வண்ணம் சில மழையில் வெளுத்துவிடும். பட்டா தலைமுறைக்கும் நிற்கும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்! வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக!