இயங்கும் பழமை

நெய்வேலி, மண்ணை அகழ்ந்து ஒளியை ஈன்ற ஊர். 1956ஆம் ஆண்டு இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கம் விரிய விரிய, நிலக்கரிப் படிவத்தின்மேல் இருந்த சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. அவ்வூர்களின் தெருக்களையும் குளக்கரைகளையும் இனி எவராலும் மீட்க இயலாது. ஆயினும், அங்கே மின்தேவை என்னும் காரணமேனும் இருந்தது. எத்தேவையும் இன்றி, கவனிப்பாரற்றுச் சிதையும் பழங்கட்டடங்களுக்கு நாம் என்ன காரணம் கூறுவோம்?

நெய்வேலி நிறுவனம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன், 1856 சூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. 1853இல் இந்தியாவின் முதல் பயணியர் வண்டி ஓடிய போரிபந்தர், தானே ஆகிய இடங்களின் தொடக்ககால நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே, நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடம் என்னும் சிறப்பு இராயபுரத்திற்கே உரியது. 1873இல் சென்னை மத்திய நிலையம் எழுந்தபின் இராயபுரத்தின் முதன்மை மெல்லக் குறைந்தது. பராமரிப்பின்றிப் பொலிவிழந்த அக்கட்டடம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. அதன் உயர்ந்த தூண்களைக் கடந்து இன்றும் வண்டிகள் செல்கின்றன.

பயணியருக்குக் குடிநீரும் கழிப்பறையும் மின்தூக்கியும் தேவைப்படும்போது பழஞ்சுவர்களுக்குப் பணம் எதற்கு எனச் சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. ஆனால், இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இலண்டனில் 1868இல் திறக்கப்பட்ட செயின்ட் பாங்கிராசு நிலையம், 1960களில் இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. மக்களின் எதிர்ப்பால் அது காக்கப்பட்டது. 2007முதல் கடலடிச் சுரங்கவழியே ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்லும் விரைவுவண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. பழமை, புதுமைக்கு அங்கே இடம் தந்தது.

புதுப்பித்தல் என்பது வண்ணம் பூசுதல் அன்று. சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவர், ஈரத்தை உள்வாங்கி வெளியேற்றும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். வெளித்தோற்றம் பளபளக்கும், சுவரோ உள்ளே உதிரும். எனவே, பழங்கட்டடத்தை அதற்குரிய பொருள்களாலேயே செப்பனிட வேண்டும். அதற்குச் சுண்ணாம்புக் கலவையின் பக்குவம் அறிந்த கொத்தர்கள் வேண்டும். கட்டடத்தோடு அக்கைத்தொழிலும் காக்கப்படும்.

பழைய நிலையம் ஒன்றில் கைவைக்குமுன் அதனை அளந்து, வரைந்து, படம்பிடித்து ஆவணப்படுத்த வேண்டும். வல்லுநர் கருத்தைக் கேளாமல் ஒரு தூணையும் அகற்றலாகாது. பயன்பாடற்ற அறைகளை நூலகமாகவோ காட்சிக்கூடமாகவோ மாற்றலாம். பூட்டிய கட்டடத்தைக் கறையான் ஆளும். மனிதர் புழங்கும் கட்டடத்தில் ஒழுகும் கூரை உடனே கண்ணில் படும். ஆதலால், பழைய நிலையங்களைப் பூட்டிவைத்துப் போற்றாமல், பயணியர் புழங்கும் இடங்களாகவே காப்பதுதான் தக்க வழி.