மீனுக்கு மருந்தா, கடலுக்கு மருந்தா?

மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் போதும். கடலில் வலைக்கூண்டுக்குள் வளர்க்கப்படும் சால்மன் மீனுக்கு நோய் வந்தால்? ஒரு கூண்டில் பல்லாயிரம் மீன்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்தியம் பார்க்க முடியாது. அதனால் ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்து எல்லா மீனுக்கும் போடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நோய் முற்றிய மீன் சரியாகத் தீனி எடுக்காது. மருந்தைத் தின்பது பெரும்பாலும் நன்றாக இருக்கும் மீன்தான்! மிச்சம் கடலடிக்குப் போகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் நிலைமை இன்னும் மோசம். கடல்நீரில் உள்ள கால்சியம், மக்னீசியத்தோடு அது ஒட்டிக்கொள்வதால், தின்ற மருந்திலும் கொஞ்சம்தான் மீனின் உடம்பில் சேரும். இப்படி அரைகுறையாக மருந்தைச் சந்திக்கும் பாக்டீரியாக்களில், தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகுகின்றன.

சரி, மருந்தின் பலத்தைக் கூட்ட முடியாதா? முடியும். சல்ஃபா மருந்தோடு டிரைமெத்தோப்ரிம் சேர்ப்பது பழைய வழி. பாக்டீரியா ஃபோலிக் அமிலம் தயாரித்துப் பயன்படுத்தும் பாதையை இரண்டும் இரண்டு இடத்தில் அடைக்கின்றன. 2015ல் சீன விஞ்ஞானிகள் இன்னொரு வழி காட்டினார்கள். மீன்களைத் தாக்கும் எட்வர்ட்சியெல்லா டார்டா என்ற பாக்டீரியாவில் கனமைசினுக்கு அசையாத ரகம் ஒன்று. அதற்கு குளுக்கோஸ் அல்லது அலனைன் கொடுத்ததும் அதன் வளர்சிதை மாற்றம் வேகம் பிடித்தது. கனமைசினை அதிகமாக உள்ளே இழுத்து, செத்தது. மருந்து பழசு, கூட்டு புதுசு.

நல்ல செய்திதான். ஆனால் பலம் கூடிய மருந்தையும் பழையபடி அள்ளிப் போட்டால் என்ன லாபம்? அதுவும் சில வருடங்களில் பல் போன பாம்பாகிவிடும்.

நார்வேயைப் பாருங்கள். 1987ல் அங்கே மீன் பண்ணைகளில் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவானது. பிறகு தடுப்பூசி வந்தது. கடலுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குஞ்சுக்கும் வயிற்றில் ஊசி. இன்று உற்பத்தி 10 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது, மருந்தோ ஆண்டுக்கு 1 டன்கூட இல்லை.

சிலி நாட்டில் கதை வேறு. 2014ல் அங்கே 500 டன்னுக்கு மேல் போனது. முக்கியக் காரணம் பிசிரிக்கெட்சியா என்ற பாக்டீரியா. அது மீனின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் தடுப்பூசியும் நீண்ட நாள் காப்பதில்லை, மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. எனவே 'நார்வே மாதிரி செய்' என்று சிலிக்கு உபதேசம் செய்வது சுலபம், செய்வது கஷ்டம்.

மருந்தின் பலத்தைக் கூட்டும் ஆராய்ச்சி உண்மையில் தேவைப்படுவது இந்த மாதிரி இடத்துக்குத்தான். ஆனால் அதன் வெற்றியை எத்தனை மீன் பிழைத்தது என்பதை வைத்து மட்டும் அளக்கக் கூடாது, எத்தனை டன் மருந்து குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் டெட்ராசைக்ளின் குடும்பம் மனிதனுக்கும் மருந்து. எதிர்க்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். மீன் கூண்டின் வலை அதைத் தடுக்காது.