82 - 0... தோற்றவர்களை வெளியே தள்ளலாமா?

குட்டீஸ்... ஒரு விளையாட்டில், ஒரு அணி, 82 - 0 என்ற கணக்கில் தோற்குமா? 'கிரிக்கெட்டாக இருக்கும்' என்கிறீர்களா... இல்லை. இது, பெண்களுக்கான ஐஸ் ஹாக்கி!

2008ம் ஆண்டு, செப்டம்பர் மாதம், லாட்வியா நாட்டில், ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தது. அதில் ஸ்லோவாக்கியா பெண்கள் அணி, பல்கேரியா பெண்கள் அணியை, 82 - 0 என்று வீழ்த்தியது. ஐஸ் ஹாக்கி ஆட்டம் மொத்தமே, 60 நிமிடம் தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்... ஏறத்தாழ, 44 வினாடிக்கு ஒரு கோல்! கோல் கீப்பராக நின்ற பெண்ணின் நிலைமையை நினைத்தாலே பாவமாக இருக்கிறது அல்லவா?

இந்தச் செய்தியைப் படித்ததும், 'இவ்வளவு மோசமாக விளையாடுபவர்களை எதற்குச் சேர்க்க வேண்டும்? பேசாமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது தானே...' என்று தோன்றும். பெரியவர்கள் பலருக்கும் அப்படித் தோன்றியது. ஆனால், அது தவறு என்பது தான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில், இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம். உறைந்த பனித் தரையில், காலில் பிளேடு பொருத்திய ஷூ அணிந்து, சறுக்கியபடியே விளையாடுவது ஐஸ் ஹாக்கி. பந்து கிடையாது. 'பக்' எனப்படும், கெட்டியான ரப்பர் வில்லையை, மட்டையால் அடித்து, கோல் போட வேண்டும். கோல் கீப்பரையும் சேர்த்து, ஒரு பக்கம், ஆறு பேர். 20 நிமிடம் வீதம், மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும்.

பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி, 1990ல், கனடா தலைநகர் ஒட்டாவாவில் நடந்தது. எட்டு நாடுகள் பங்கேற்றன. இறுதிப் போட்டியில், 5 - 2 என்று அமெரிக்காவை வென்றது கனடா. 1998ல், ஜப்பானில் உள்ள நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே, கனடாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றது, அமெரிக்கா.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? எங்கே போட்டி நடந்தாலும், கடைசியில் பெரும்பாலும் இந்த இரண்டு நாடுகள் தான் மோதும்! 1998 முதல் 2022 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்குகளில், ஐந்து தங்கம் கனடாவுக்கு. இரண்டு தங்கம் அமெரிக்காவுக்கு. வேறு யாருக்கும் ஒன்று கூட இல்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவில் சிறுமிகள், நடை பழகிய சில ஆண்டுகளிலேயே பனிச்சறுக்கு பழகி விடுவர். ஊருக்கு ஊர் ஆடுகளம், பயிற்சியாளர், பள்ளி அணி, கல்லூரி அணி என்று எல்லாம் உண்டு. பல நாடுகளில், பெண்கள் விளையாட ஒரு நல்ல ஆடுகளம் கூடக் கிடையாது. ஓட்டப் பந்தயத்தில், ஒருவர், 50 மீட்டர் முன்னால் நின்று ஓடத் துவங்கினால், அவர் தானே ஜெயிப்பார்!

மறுபடியும், ஸ்லோவாக்கியாவுக்கு வருவோம். 82 கோல் போட்ட அதே அணி, 2010ல், கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அங்கே அதன் எதிரில் நின்றது, கனடா. முடிவு... 18 - 0 என்று ஸ்லோவாக்கியா தோற்றது! நேற்று அடித்தவர், இன்று அடி வாங்கினார். பலசாலி, நோஞ்சான் என்பதெல்லாம், எதிரில் நிற்பவரைப் பொறுத்தது தான், குட்டீஸ்.

அந்த ஒலிம்பிக்கின் போது, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்த ஜாக் ரோக், 'அணிகளின் தரம் உயராவிட்டால், இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் தொடர முடியாது' என்ற பொருளில் எச்சரித்தார். அவர் சொன்னதிலும், நியாயம் இல்லாமல் இல்லை. முடிவு முன்பே தெரிந்து விட்டால், ஆட்டத்தை யார் பார்ப்பார்?

ஆனால், யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஒரு மாணவன் கணக்கில் பெயில் ஆனால், அவனை வகுப்பை விட்டே அனுப்பி விட்டால், அவன் எப்படிக் கணக்குக் கற்பான்? தோற்கும் அணியை வெளியே தள்ளினால், அந்த நாட்டில், பெண்கள் அணிக்கு ஆடுகளமும், பணமும் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். அணி இன்னும் மோசமாகும். பிறகு, 'பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே...' என்பர்.

நல்ல வேளையாக, அப்படி நடக்கவில்லை. உலக ஐஸ் ஹாக்கி சம்மேளனம், அனுபவமுள்ள வீராங்கனைகளை, வளரும் நாடுகளுக்கு வழிகாட்டிகளாக நியமித்தது. நாகானோவில், ஆறு அணிகள் மட்டுமே ஆடின. 2022ல், சீனத் தலைநகர் பீஜிங்கில் நடந்த ஒலிம்பிக்கில், 10 அணிகள் ஆடின.

பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஜப்பானைப் பாருங்கள். 1998ல், சொந்த மண்ணில், ஐந்து ஆட்டங்கள் ஆடி, ஐந்திலும் தோற்றது. கனடாவிடம் மட்டும், 13 - 0! அடுத்த மூன்று ஒலிம்பிக்குகளுக்கு, தகுதி பெறவே முடியவில்லை. 2014ல், ரஷ்யாவின் சோச்சி நகருக்குப் போனது. அங்கும், ஐந்திலும் தோல்வி. அந்த அணியின் செல்லப் பெயர் என்ன தெரியுமா... 'ஸ்மைல் ஜப்பான்!' தோற்றாலும், சிரிப்பை விடவில்லை.

2018, பிப்ரவரி 14ம் தேதி, தென் கொரியாவில் நடந்த ஒலிம்பிக்கில், தன் முதல் வெற்றியைப் பெற்றது ஜப்பான். இருபது ஆண்டு காத்திருப்பு! 2022ல், தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1998லேயே, 'நீங்கள் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், இது நடந்திருக்குமா?

ஜப்பான் முதல் வெற்றி பெற்ற அந்த ஆட்டத்தில், எதிரணி எது தெரியுமா? வட கொரியா, தென் கொரியா இரண்டும் சேர்ந்து உருவாக்கிய, ஒருங்கிணைந்த கொரிய அணி. பகை நாடுகளின் பெண்கள், ஒரே சீருடையில் ஆடினர். முதல் இரண்டு ஆட்டங்களிலும், 8 - 0 என்று தோற்றிருந்த அவர்கள், ஜப்பானிடமும், 4 - 1 என்று தோற்றனர். ஆனால், அந்த ஒரே ஒரு கோல் விழுந்ததும், அரங்கமே ஆர்ப்பரித்தது. அந்தக் கோலைப் போட்ட பக், கனடாவில் உள்ள ஹாக்கி புகழ் அருங்காட்சியகத்துக்குப் போனது. வென்றவர் போட்ட நான்கு கோலை விட, தோற்றவர் போட்ட ஒரு கோலை, உலகம் பத்திரப்படுத்தியது!

பின்லாந்தின் கதை, இன்னும் சுவையானது. 2019ல், தன் நாட்டில் உள்ள எஸ்போ நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில், 4 - 2 என்று கனடாவையே வீழ்த்தியது. கனடா இல்லாத முதல் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி அது தான். அமெரிக்காவிடம், பெனால்டி ஷூட் அவுட் வரை போராடித் தான் தோற்றது.

நம் நாட்டுக்கும் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி உண்டு. பெரும்பாலானவர்கள், லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிர் காலத்தில், குளங்கள் உறையும் அந்தச் சில வாரங்களில் தான் பெரும்பாலும் பயிற்சி. 2016ல், தைவான் நாட்டில் நடந்த ஆசியப் போட்டியில், முதன்முதலாகக் களம் இறங்கினர், தோற்றனர். அடுத்த ஆண்டே, பாங்காக்கில், 4 - 3 என்று பிலிப்பைன்சை வென்றனர். 2025ல், ஐக்கிய அரபு நாட்டில் நடந்த ஆசியக் கோப்பையில், வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினர்.

சரி... அதற்காக, 82 - 0 போன்ற ஆட்டம் நல்லதா? நிச்சயமாக இல்லை. தோற்ற அணி, அதில் கற்பது ஒன்றுமில்லை. ஜெயித்த அணியும் ஒன்றும் கற்காது. அதற்கு வழி, வெளியே தள்ளுவது அல்ல; சமமானவர்களோடு ஆட விடுவது. உலக சாம்பியன்ஷிப்பில், அணிகளைத் தரம் வாரியாகப் பிரித்து வைத்துள்ளனர். கீழ்ப் பிரிவில் ஜெயித்தால், மேல் பிரிவுக்குப் போகலாம். மேலே தோற்றால், கீழே இறங்க வேண்டும். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுவது போல!

'பாவம் பார்த்து, கோல் போடாமல் விட்டுக் கொடுக்கலாமே' என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரியல்ல. எதிரில் நிற்பவரை மதிப்பது என்றால், ஒழுங்காக ஆடுவது தான். ஆட்டம் முடிந்ததும், கேலி செய்யாமல், கை கொடுத்து, 'அந்த பந்தை எப்படித் தடுப்பது தெரியுமா?' என்று சொல்லிக் கொடுங்கள். அது தான் உண்மையான உதவி.

உங்கள் பள்ளி மைதானத்திலும், அணி பிரிக்கும் போது, கடைசி வரை யாரும் கூப்பிடாமல், ஓரமாக நிற்கும் ஒரு பையனோ, பெண்ணோ இருப்பர். 'நீ வேண்டாம்... உன்னால் தோற்று விடுவோம்' என்று சொல்லும் முன், ஒரு நிமிடம் ஜப்பானை நினைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கே, விளையாட்டு பீரியடில், அவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். செய்வீர்கள் தானே, குட்டீஸ்!