பாம்பைக் கூப்பிடுவது செடி அல்ல

“செடி அடர்ந்தால் பாம்பு வரும், கொசு வரும், வெட்டிவிட்டு லான் போட்டுவிடலாம்.” குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இப்படி ஒருவர் சொன்னால் போதும், மறுபேச்சு கிளம்புவதில்லை. நொச்சியும் ஆவாரையும் வேரோடு போகின்றன. அந்த இடத்தில் கொரியன் புல் வந்து உட்காருகிறது. இந்த நம்பிக்கை தவறு. அதனால் விளையும் கேடு பெரிது.

பாம்பு இலை தின்பதில்லை. நல்ல பாம்பும் சாரையும் எலியைத் தேடி வருகின்றன. எலியோ மூடாத குப்பைத்தொட்டியைத் தேடி வருகிறது. கட்டட வேலை முடிந்தும் அள்ளாத செங்கல் குவியலும் மதில் பொந்தும் பாம்பு தங்கப் போதும். இவற்றை விட்டுவிட்டுச் செடியை வெட்டினால் பாம்பு நின்றுவிடாது. அடர்ந்த புதரில் அது பதுங்கக்கூடும் என்பது உண்மைதான். அதற்கு வாசலையும் நடைபாதையையும் ஒட்டி மூன்றடி இடம் திறப்பாக விடுங்கள். புதர்ச்செடிகளை மதிலோரம் வைத்து அடிக்கிளைகளைக் கழியுங்கள். இரவில் விளக்கு எரியட்டும். தோட்டத்தையே அழிக்க வேண்டியதில்லை.

கொசு விஷயமும் அப்படித்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் மூடாத டிரம்மிலும் தேங்கிய தண்ணீரில்தான் பெருகுகிறது. அதைக் கவிழ்க்க அரிவாள் தேவையில்லை.

சரி, லான் என்ன தருகிறது? 1,000 சதுர அடிப் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் காட்டினாலே சுமார் 465 லிட்டர் போய்விடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றார்கள். அந்த ஊரில் இந்தச் செலவை அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆவாரையும் நொச்சியும் வேர் பிடித்துவிட்டால் பெரும்பாலும் மழையை நம்பியே பிழைத்துக்கொள்ளும்.

ஓயாமல் கத்தரிக்கிற புல்லில் பூவும் இல்லை, சில்லைக்கு விதையும் இல்லை. அதே தோட்டத்தில் கறிவேப்பிலைக் கொழுந்தைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் போலப் பழுப்பும் வெள்ளையுமாய் ஒரு புழு ஒட்டியிருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பிரண்டை நீட்டி நாற்றம் வீசும். வளர்ந்தால் பச்சையாகும், கூட்டிலிருந்து கறுப்புச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சியாய் வெளிவரும். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிட எருக்கு போன்ற செடி வேண்டும். கொரியன் புல்லில் இந்த இரண்டுக்கும் இரை கிடையாது.

புழுவைக் கண்டதும் மருந்தடிக்கச் சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தேன் குடிக்கும் தேன்சிட்டும் தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும் தம் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையுமே பிடித்து ஊட்டுகின்றன. புழுவை ஒழித்துவிட்டு, “குருவியைக் காணோம்” என்று வருந்துவதில் என்ன நியாயம்?

பிள்ளைகள் ஓடியாடும் புல்தரை இருக்கட்டும். அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. “புல்மேல் நடக்காதீர்” என்று பலகை வைத்து, ஒருவரும் கால் படாமல் தண்ணீர் மட்டும் குடிக்கிற பகுதி இருக்கிறதே, அதைக் கேட்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அங்கே நொச்சி, ஆவாரை, வெட்சி, தும்பை, ஓரத்தில் ஒரு கொன்றை நடுங்கள். சங்கத்தில் யாராவது பாம்பு என்று எழுந்தால், முதலில் குப்பைத்தொட்டிக்கு மூடி போடத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.