கவிழ்ந்த பின் நிமிர்ந்த கார்



சுவீடன் நாட்டுக் காடுகளில் எல்க் என்னும் மானினம் ஒன்று உண்டு. குதிரையளவு உயரமுள்ள அவ்விலங்கு திடீரெனச் சாலையின் குறுக்கே வந்து நிற்கும். அவ்வேளையில் ஓட்டுநர் காரைச் சட்டென்று இடப்பக்கம் ஒடித்து, எதிரே வரும் வண்டியில் மோதாதிருக்க உடனே வலப்பக்கம் திருப்பியாக வேண்டும். இதனையே அந்நாட்டார் புதிய கார்களுக்கு ஒரு சோதனையாக வைத்துள்ளனர்.

1997 அக்டோபரில் அச்சோதனைக்கு உள்ளானது, ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் அப்போதுதான் வெளியிட்டிருந்த 'ஏ-கிளாஸ்' என்னும் சிறிய குடும்பக் கார். நீளம் குறைவு, உயரம் மிகுதி. நேருக்கு நேர் மோதினால் எஞ்சின் பயணிகள் மேல் பாயாமல் அவர்கள் காலடியில் நழுவிச் செல்லும்படி, தளத்தை இரண்டடுக்காக அமைத்திருந்தனர். முன்புற மோதலைப் பற்றி அத்துணைக் கருத்தாய்ச் சிந்தித்தவர்கள் பக்கவாட்டுச் சாய்வில் தவறிவிட்டனர். சுவீடன் இதழ் ஒன்று நடத்திய சோதனையில், மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் அக்கார் கவிழ்ந்தது.

நிறுவனம் முதலில் குறையை ஒப்புக்கொள்ளத் தயங்கியது. பின்னர் நவம்பரில், கார்களை வாடிக்கையாளருக்கு வழங்குவதையே சில மாதங்கள் நிறுத்திவைத்தது. காரின் உடல் தாழ்த்தப்பட்டது. ஸ்பிரிங் அமைப்பு இறுக்கப்பட்டது. அகன்ற டயர்கள் பூட்டப்பட்டன. ஏற்கெனவே விற்ற கார்களும் திரும்ப அழைக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டன.

அத்துடன் 'ஈ.எஸ்.பி.' என்னும் கருவியும் சேர்க்கப்பட்டது. ஓட்டுநர் திருப்பிய திசையையும் கார் உண்மையில் செல்லும் திசையையும் ஒப்பிட்டு, பிறழ்வு கண்டால் தேவையான சக்கரத்திற்கு மட்டும் பிரேக் இடுவது அதன் பணி. 1995 முதல் விலையுயர்ந்த கார்களிலேயே காணப்பட்ட அக்கருவி, இவ்வாறு சிறிய காருக்கும் வந்தது. மற்ற நிறுவனங்களும் படிப்படியாக அதனை மேற்கொண்டன. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திற்கும் அது கட்டாயமாயிற்று. ஒருவர் தம் குறையைத் திருத்தியது, முகமறியாப் பலருடைய உயிருக்கும் காவலாயிற்று!

நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். "அப்பா, நீங்கள் செய்தது சரியன்று" என்று மகள் கூறும்போது முதலில் எழுவது சினமே. அது இயல்பு. ஆனால் சினம் தணிந்தபின் நாம் செய்வது என்ன? சாக்குப்போக்குத் தேடுகிறோமா, அல்லது ஸ்பிரிங்கை இறுக்குகிறோமா?

குறையைச் சுட்டுகிறவர் நம்மைக் கவிழ்க்க வந்தவர் அல்லர். நெடுஞ்சாலையில் கவிழ்ந்துவிடாதபடி, முன்கூட்டியே நம்மைச் சோதித்துத் தருகிறவர் அவரே.